சுருக்கென்று அடிக்கிற மெஷினை அன்றே நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் ஊர் குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் கணவர் தச்சு வேலை தெரிந்தவர். சில வருடங்கள் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, வீட்டுக் கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டு நிலை, கதவு, கட்டில் செய்து கொடுக்கிறார். பிளேனர், டிரில், மார்பிள் கட்டர், ஆங்கிள் கிரைண்டர் எல்லாமே பழையதாக வாங்கியவை. ஐப்பசி மழையில் ஒரு நாள் பிளேனரை எடுத்து வைக்கப் போனபோது கையில் சுருக்கென்று அடித்தது. சொன்னால், “ஈரத்தில் அப்படித்தான் இருக்கும், செருப்புப் போட்டுக்கொண்டு தொடு” என்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகனும் லீவு நாளில் கூட நின்று மரம் அறுக்கிறான். செருப்புப் போட்டால் போதுமா? எர்த் போட வேண்டும் என்கிறார்களே, அது அவசியமா? இந்த மெஷின்களை எப்படிப் பார்த்துக்கொள்வது?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதைப் படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். கொட்டகையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்த பிளேனரின் பிளக்கைப் பிடுங்கி, மெஷினை வீட்டுக்குள் கொண்டுவந்து பரண்மேல் வையுங்கள். சோதித்துப் பார்க்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும். உங்கள் பயம் நியாயமானது. உங்கள் கணவர் சொல்வதை நம் பக்கத்துப் பட்டறைகளில் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பல வருடம் சுருக்கென்று அடித்தும் ஒன்றும் ஆகாதவர்கள் அப்படித்தான் நம்புவார்கள்.

செருப்பு போதாது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், உங்கள் கணவரிடமும் இதைக் காட்டுங்கள். மின்சாரம் உடம்பில் ஓடுவதைக் கை உணர்வதற்கு ஒரு மில்லி ஆம்பியர் அளவு போதும். அதுதான் அந்தச் சுருக். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினால் கைத் தசை இறுகிக்கொள்ளும், பிடித்த மெஷினை விட நினைத்தாலும் விட முடியாது. முப்பதை நெருங்கினால் மூச்சுத் தசை திணறும். ஐம்பது, நூறு என்று போனால் இதயம் தாளம் தப்பும். ஒன்றிலிருந்து ஐம்பதுக்குப் போக மெஷின் பெரிதாகக் கெட வேண்டியதில்லை. நீங்கள் நிற்கும் தரையும் உங்கள் கையும் நனைந்தாலே போதும். காய்ந்த கை, காய்ந்த தரை, ரப்பர் செருப்பு எல்லாம் சேர்ந்தால் உடம்பு மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும். வியர்த்த கை, ஈரக் களிமண் தரை, நனைந்த செருப்பு என்று மாறினால் அந்தத் தடை ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரம் ஓமால் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி ஆம்பியர். ஆகவே, அன்று உங்களுக்குச் சுருக்கென்று மட்டும் அடித்ததற்குக் காரணம் மெஷின் நல்லதாக இருந்தது என்பதல்ல. அன்றைக்கு உங்கள் கை ஓரளவு காய்ந்திருந்திருக்கலாம், அல்லது கசிவு இன்னும் ஆரம்ப நிலையில் இருக்கலாம். இந்த இரண்டில் எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அதோடு, தச்சர்கள் செருப்போடு நின்றா வேலை செய்கிறார்கள்? பலகையைத் தரையில் போட்டு, கைலியை மடித்துக் கட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெறுங்காலால் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டுதானே இழைக்கிறார்கள்? அப்படி உட்கார்ந்தால் உடம்பில் பாதி தரையோடு ஒட்டியிருக்கிறது.

“அப்படி ஏதாவது என்றால் எம்.சி.பி. விழுந்துவிடுமே” என்று அவர் சொல்லலாம். விழாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக விழும் சுவிட்ச், வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்காக வைத்தது. 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். மனிதன் உயிரை எடுக்க நூறே போதும் என்கிறபோது, எம்.சி.பி. அதைக் கவனிக்கவே கவனிக்காது. ஆளைக் காப்பதற்கென்று இருப்பது வேறு கருவி: ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், அதாவது அந்த அளவு யார் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போனால், கண் சிமிட்டும் நேரத்தில் துண்டித்துவிடும். கடையில் கேட்கும்போது “30 மில்லி ஆம்பியர்” என்று அழுத்திக் கேளுங்கள். 100, 300 என்று போட்டதும் விற்பார்கள். அவை பெரிய கட்டடங்களில் தீ விபத்தைத் தடுக்க வைப்பவை, ஆளைக் காக்காது. ஒரு வீட்டுப் பட்டறைக்கு இரண்டு போல் ஆர்.சி.சி.பி. ஒன்று இரண்டாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். உங்கள் கணவர் அடுத்து வாங்க நினைத்திருக்கும் மெஷின் எதுவானாலும், அதற்கு முன் இந்தப் பணம் செலவாகட்டும்.

கொட்டகைக்கு என்று தனி ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள், வீட்டோடு சேர்க்க வேண்டாம். காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஊறி ஏதோ ஒரு ஜங்ஷனில் ஈரம் இறங்கினால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். வீட்டில் ஃபிரிட்ஜும் நின்றுபோகும். நாலு தரம் பார்த்துவிட்டு, “சும்மா சும்மா விழுகிறது, டைரக்ட் கொடுத்துவிடு” என்பார்கள். வயர்மேனும் ஒரு துண்டு வயரைப் போட்டு அதைத் தாண்டிக் கொடுத்துவிட்டுப் போவார். டெல்டாவில் ஆர்.சி.சி.பி. இருந்தும் இல்லாமல் போன வீடுகளில் நடந்தது இதுதான். அது சும்மா விழுவதில்லை. எங்கோ கசிகிறது என்று சொல்கிறது. கசிவைத் தேடிச் சரிசெய்ய வேண்டுமே தவிர, சொல்கிறவன் வாயைக் கட்டக் கூடாது. அதன்மேல் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை, நினைவுக்கு அமாவாசை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

இனி எர்த், அதாவது மெஷினின் இரும்பு உடம்பை ஒரு வயரால் மண்ணில் இறக்கிய குழாயோடு இணைப்பது. ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் வேண்டாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்பாதீர்கள். எர்த் இல்லாத இடத்தில் மெஷினின் உடம்பு ஃபேஸோடு ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாக மின்சாரம் ஓடிய பிறகுதான் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியும். எர்த் இருந்தால் கசிவு வந்த கணமே அது பச்சை வயர் வழியாக மண்ணுக்குப் போய்விடும், யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழும். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும்.

பிளேனரின் பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய பின்தான் எர்த். மற்ற இரண்டைவிட அது நீளமாக இருப்பதற்குக் காரணம், சொருகும்போது முதலில் அது தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் அது விட வேண்டும் என்பதே. அதில் பச்சையும் மஞ்சளுமான வயர் திருகில் இறுக்கியிருக்க வேண்டும். பழைய மெஷின்களில் நான் திறந்து பார்க்கும்போது பெரும்பாலும் காண்பது வேறு: அந்த வயரை அடியோடு நறுக்கி, நுனியை மடித்து, கறுத்த டேப் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே திணித்திருப்பார்கள். பக்கத்தில் நியூட்ரல் திருகு தளர்ந்து, பித்தளை கறுத்து, பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடக்கும். சில இடங்களில் அதைவிட மோசமாக, எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் ஒரு துண்டு வயரால் பாலம் போட்டிருப்பார்கள். கம்பத்தில் நியூட்ரல் அறுந்த அன்று மெஷினின் இரும்பு முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பல டிரில், கிரைண்டர்களின் கேபிளில் இரண்டே வயர்தான் இருக்கும், எர்த் கிடையாது. பெயர்ப் பலகையில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்ட மெஷின். அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் உங்கள் பிளேனரில் அந்த இரட்டைச் சதுரம் இருந்து, அப்படியிருந்தும் அடித்தது என்றால், உள்ளே இரண்டு காப்பும் கெட்டிருக்கின்றன அல்லது தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெளியிலிருந்து எர்த் வயர் இழுத்துக் கட்டி அதைச் சரிசெய்ய முடியாது. நேராக மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

எர்த் குழி பற்றி நம் மண்ணுக்கென்று சில விஷயங்கள். காவிரிக் களிமண் ஈரம் பிடித்து வைக்கும், எர்த்துக்கு அருமையான மண். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டால் சம்பாப் பருவம் முழுக்க நன்றாக வேலை செய்யும். தொல்லை கோடையில்தான். சித்திரை, வைகாசியில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்க்கிறீர்களே, அதே வெடிப்பு குழாயைச் சுற்றியும் விடும். குழாய்க்கும் மண்ணுக்கும் பிடிப்பு போய்விடும். வயலுக்கு மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை, வாரம் ஒரு குடம் அந்தக் குழியில் ஊற்றுங்கள். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் இதைப் படிப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: உப்பு மண்ணும் உப்புக் காற்றும் குழாயையும் கிளாம்பையும் அரித்துவிடும். மேலே குழாய் நிற்கும், கிளாம்பில் பச்சை பூத்து இணைப்பே அற்றுப்போயிருக்கும். வருடம் ஒரு தரமாவது எர்த் டெஸ்டர் உள்ள ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கொட்டகை வயலை ஒட்டியிருந்தால் ஒரு எச்சரிக்கை. பம்ப்செட் இணைப்பிலிருந்து ஒரு ஃபேஸையும், நியூட்ரலுக்குப் பதில் எர்த்தையும் எடுத்து மெஷின் ஓட்டுகிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. விவசாய இணைப்பில் பட்டறை நடத்துவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். மறு பக்கம், ஓடும் மின்சாரம் முழுவதும் அந்த எர்த் குழாய் வழியாக மண்ணுக்குள் இறங்கும். வரப்பில் ஈரக்காலோடு வருகிறவருக்கும் மாட்டுக்கும் அது எமன். அந்த வழிக்கே போக வேண்டாம். குடிசைத் தொழிலுக்கு என்று தனி மின்கட்டண வகை இருக்கிறது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரித்து முறையாகவே வாங்கிவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என் நெஞ்சை உலுக்கிய வரி பிளேனர் பற்றியது அல்ல, “மகனும் கூட நின்று மரம் அறுக்கிறான்” என்பதுதான். எதை வைத்து அறுக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் இருப்பது மார்பிள் கட்டரும் ஆங்கிள் கிரைண்டரும். அப்படியானால் அவற்றில் பல் வைத்த மர பிளேடை மாட்டித்தான் அறுக்க வேண்டும். இந்த வழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது, என் கண்ணில் பட்டவற்றில் இதைவிடக் கொடிய வழக்கம் வேறில்லை.

நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் பிளேடின் விளிம்பு மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கிரைண்டர் என்பது இரும்பைத் தேய்க்கவும் வெட்டவும் செய்த மெஷின்; அதில் மாட்டும் டிஸ்க்குக்குப் பல் கிடையாது, அது தேய்த்துத்தான் வெட்டும். பல் உள்ள பிளேடை அதில் மாட்டினால், மரத்தில் ஒரு கணுவோ சுருளோ பல்லைப் பிடித்த கணத்தில் மெஷின் அப்படியே திரும்பி வீசும். மரம் அதை நிறுத்திவிட்டதால் அந்த வேகம் முழுவதும் மெஷினுக்கு வந்து, உங்கள் பக்கம் பாயும். கை எதிர்வினை செய்யவே நேரமில்லை. உட்கார்ந்து அறுப்பவருக்குத் தொடையில், நின்று அறுப்பவருக்குக் கையிலும் கழுத்திலும் படும். தொடையின் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் மருத்துவமனை போய்ச் சேர நேரம் இருக்காது. பல் பிளேடு சரியாக உட்காராது என்பதற்காக, பிளேடை மூடிக் காக்கும் கார்டையும் கழற்றி எறிந்திருப்பார்கள். அதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மரம் அறுக்க சர்க்குலர் சா என்று தனி மெஷின் இருக்கிறது. அதன் கீழ்ப்பக்கத்து கார்டு ஸ்பிரிங்கில் இயங்கும். மரத்தைவிட்டு எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும். அதை வாங்க வசதி வரும்வரை பலகையை அறுவை மில்லில் கொடுத்து அறுத்து வாங்கட்டும், மீதிக்குக் கைவாள் இருக்கிறது. வாங்கிய பிறகு, “கார்டு தடுக்கிறது” என்று கட்டுக்கம்பி போட்டு அதைத் தூக்கிக் கட்டினால் திரும்பவும் பழைய கதைதான். மார்பிள் கட்டரை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி, சுவிட்சை லாக் செய்து அறுப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அதில் கார்டும் கிடையாது, அவசரத்தில் நிறுத்தக் கைக்கெட்டும் சுவிட்சும் கிடையாது.

சுவிட்ச் லாக் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் மின்சாரம் போவதும் வருவதும் சாதாரணம். லாக் போட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், மெஷினை அப்படியே கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அரை மணி கழித்துக் கரண்ட் வரும். ஆளில்லாத கொட்டகையில் கிரைண்டர் தானாக எழுந்து தரையில் ஓடும். அங்கே விளையாடும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். கரண்ட் போனால் முதலில் லாக்கை விடுவித்துப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். டிஸ்க், பிளேடு, டிரில் பிட் எதை மாற்றுவதானாலும் அதே பிளக் விதிதான். சுவிட்ச் ஆஃப் என்பது போதாது.

இரும்பு வெட்டும் டிஸ்க்குக்கு ஒரு ஆயுள் உண்டு. நடுத் துளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகர வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும். அது காலாவதித் தேதி, தயாரித்ததிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் கொடுப்பதில்லை. டிஸ்க்கைக் கட்டிப்பிடித்திருப்பது பிசின். அது வயதாகும், ஈரத்தில் இன்னும் சீக்கிரம் பலமிழக்கும். ஈரத் தரையில் சாய்த்து வைத்த டிஸ்க் ஓடும்போது துண்டாகிப் பறக்கலாம். உலர்ந்த பெட்டியில், கூடுமானால் அரிசி டின்னைப்போல மூடிபோட்டு, படுக்கை வசமாக வையுங்கள். அதே போல, டிஸ்க்கில் எழுதியிருக்கும் வேகத்தைப் பார்க்காமல் மாட்டக் கூடாது. ஏழு அங்குல டிஸ்க்கில் 8,500 என்று போட்டிருக்கும். கார்டைக் கழற்றிவிட்டு அதை நாலு அங்குல மெஷினில் மாட்டி 11,000-இல் சுற்றினால், தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டிவிடும்.

கீற்றுக் கொட்டகை பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகளை இழந்தோம். கீற்று எவ்வளவு வேகமாக எரியும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதே கீற்றுக்கு அடியில், இழைத்த சீவலும் மரத்தூளும் முழங்கால் அளவு கிடக்க, கொண்டிக்கும் கீலுக்கும் கிரைண்டரில் இரும்பு வெட்டினால் என்ன ஆகும்? பொறி கண்ணுக்குத் தெரியும்வரைதான் சூடு என்று நினைக்க வேண்டாம். மரத்தூளுக்குள் விழுந்த பொறி புகையாமல் கனன்று, ஆட்கள் சாப்பிடப் போன பிறகு பிடிக்கும். இரும்பு வேலை எதுவானாலும் கொட்டகைக்கு வெளியே, வைக்கோல் போருக்கு எதிர்ப்புறம், பெருக்கிய தரையில் நடக்கட்டும். ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து அரை மணி நேரமாவது ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். மின்சாரத்தால் பிடித்த தீ என்றால் மெயினை அணைக்கும்முன் தண்ணீர் ஊற்றக் கூடாது; மணல் போடலாம். முடிந்தால் கூரையைத் தகடாக மாற்றுங்கள். தகடானால், வயரை இரும்புச் சட்டத்தில் நேராகக் கட்டாமல் பைப்புக்குள் விட்டுக் கொண்டுபோக வேண்டும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை, தினமும் செய்ய வேண்டும் என்பதுதான் சிரமம். மரத்தூள் மோட்டாரின் காற்றுத் துளைகளை அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அதே தூள் ஈரத்தை உறிஞ்சிக் காயில்மேல் ஒட்டும். உங்கள் பிளேனரில் கசிவு தொடங்கியது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மாலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷாலோ புளோயராலோ தூளை வெளியேற்ற வேண்டும். கேபிள் மெஷினுக்குள் நுழையும் கழுத்தை விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும், முதலில் வெடிப்பது அங்கேதான். இரவில் கேபிளைத் தரையில் விடாமல் ஆணியில் மாட்டுங்கள். அறுவடை முடிந்து வயல் எலிகள் வீட்டைத் தேடி வரும் மாதங்களில் வயரில் பல் பதிந்திருக்கிறதா என்று தினம் ஒரு பார்வை பாருங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் டேப் சுற்றுவது தீர்வல்ல. அந்த இடத்தோடு வெட்டிக் குட்டையாக்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் புதிதாக மாற்றுங்கள்.

மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரோடு உரசி அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகள் தேய்ந்தால் மெஷினே சொல்லும். காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் ஆர்மேச்சரின் செம்பு வளையத்தில் சின்ன நீலப் பொறிகள் தெரிவது இயல்பு. அது ஆரஞ்சு நிறமாகி, வளையத்தைச் சுற்றி மாலைபோல ஓட ஆரம்பித்தால் உடனே நிறுத்த வேண்டும். கார்பன் ஐந்தாறு மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றுவது வீண். இருபது முப்பது ரூபாய் கார்பனைத் தள்ளிப்போட்டு, ஆயிரக்கணக்கில் ஆர்மேச்சர் மாற்றுகிறவர்கள் நிறைய. மாலையில் வோல்டேஜ் குறையும்போது மெஷின் திணறினால், சிலர் அழுத்திப் பிடித்து வேலை வாங்குவார்கள். மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது அதன் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். உள்ளே காயில் வெந்துவிடும். அந்த நேரத்தில் கைவேலை ஏதாவது பார்க்கலாம்.

பழைய வீடு பிரித்த மரத்தில் கதவு செய்கிறாரா? அக்ரஹாரத்து உத்தரமும் தூணும் இப்போது நிறைய விற்பனைக்கு வருகின்றன. இழைப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மரத்தின்மேல் ஓட்டிப் பார்க்கட்டும். உள்ளே முறிந்து புதைந்த ஆணி பிளேனர் பிளேடில் பட்டால் துண்டு எகிறிக் கண்ணில் பாயும். கண்ணாடி கட்டாயம். தூள் தொண்டைக்குள் போகாமல் முகக்கவசம் வேண்டும், ஓட்டை இல்லாமல் முகத்தில் பதிகிற வகை. தோளில் துண்டு, தொங்கும் கைலி நுனி, கழுத்துக் கயிறு எதுவும் இருக்கக் கூடாது. டிரில் போடும்போது துணிக் கையுறையும் வேண்டாம், பிட்டில் சுற்றி விரலை இழுத்துக்கொள்ளும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றி ஒரே வார்த்தை: சமையலறை சாக்கெட்டிலிருந்து கொல்லைக்கு மெல்லிய வயர் இழுக்காதீர்கள். இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு, மூன்று கோர் (உள்ளே மூன்று வயர்) கேபிள்தான் வேண்டும். சுருளாக இருந்தால் முழுக்கப் பிரித்துவிட்டு ஓட்ட வேண்டும், சுருளுக்குள் சூடு தங்கி இன்சுலேஷன் உருகும்.

மகன் விஷயத்தில் நான் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். பதினெட்டு வயது ஆகும்வரை கட்டர், கிரைண்டர், பிளேனர் மூன்றையும் அவன் தொட வேண்டாம். அளவெடுக்கட்டும், வரைந்து கொடுக்கட்டும், உப்புத்தாள் போடட்டும், பாலிஷ் பூசட்டும். தொழிலில் ஆசை இருந்தால் பிளஸ் டூ முடித்ததும் அரசு ஐ.டி.ஐ.யில் சேருங்கள், திருவாரூரிலும் இருக்கிறது, நாகப்பட்டினத்திலும் இருக்கிறது. அங்கே முதல் பாடமே பாதுகாப்புதான். அப்பாவிடம் கைவேலை நுணுக்கத்தைக் கற்றவன் அதையும் கற்றால் அவனை யாரும் அசைக்க முடியாது.

யாருக்காவது ஷாக் அடித்து மெஷினோடு ஒட்டிக்கொண்டால், ஓடிப்போய் அவரைப் பிடிக்காதீர்கள். மெயினை அணையுங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும், மாமியார் உட்பட, தெரிந்திருக்க வேண்டும். அணைக்க முடியாவிட்டால், காய்ந்த பலகைமேல் நின்று காய்ந்த கட்டையால் தள்ளுங்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, இரண்டு அங்குலம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை வரை, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து “ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் மருத்துவமனையில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

உங்கள் கணவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதையும் யோசித்தேன். நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று சொன்னால் அவர் செருப்பைத்தான் காட்டுவார். அதற்குப் பதில், மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் பிளேனரை அவரையே எடுத்துப் போகச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெகரில், எர்த் வகை மெஷின் 2 மெகாஓமுக்கு மேலும் இரட்டைக் காப்பு மெஷின் 7 மெகாஓமுக்கு மேலும் காட்ட வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். வளைகுடாவில் வேலை செய்தவர் என்றால், அங்கே சோதித்ததற்கான டேக் ஒட்டாத மெஷினைத் தளத்துக்குள் விடமாட்டார்கள் என்பதைப் பார்த்திருப்பார். தன் சொந்தப் பட்டறைக்கு அந்த மரியாதையைக் கொடுக்க அவருக்குச் சங்கடம் இருக்காது.

ஈரம்தான் காரணம் என்றால், திறந்து, தூளை நீக்கி, நிழலில் காற்றோட்டமாக நாலைந்து நாள் காயவைத்துத் திரும்ப அளந்தால் முள் ஏறும். அப்புறம் தாராளமாக ஓட்டலாம். ஏறவில்லையென்றால் காயில் மாற்றும் செலவைக் கேட்டுப் பாருங்கள், புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்ற வேண்டாம். அப்படி ஒதுக்கினால் ஒரு வேண்டுகோள்: அதை “கொஞ்சம் ஷாக் அடிக்கும், மற்றபடி நன்றாக ஓடும்” என்று சொல்லி யாருக்கும் விற்றுவிடாதீர்கள். இதே பிளேனர் உங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்திருக்கக் கூடும். கேபிளை மெஷினின் கழுத்தோடு ஒட்ட நறுக்கி எறிந்துவிட்டு, பழைய இரும்புக்குப் போடுங்கள்.